கடலைக் கரையில் நின்றுதான் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீசியஸ் தீவின் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நான் பணியாற்றிய பள்ளிகளில் கடலைப் பற்றிய கல்வி படத்தோடும் மனப்பாடத்தோடும் நின்றுவிட்டது என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதைப் பெரும் செலவில்லாமல் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. அதில் தமிழ் வகுப்புக்கும் உரிய பங்கு இருக்கிறது. இவ்விரண்டையும் தங்கள் நாளிதழ் வழியாகப் பெற்றோர், ஆசிரியர், பாடத்திட்டம் வகுப்போர் ஆகியோர் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளைக் கிழக்குக் கரைக்கு உலா அழைத்துச் சென்றோம். பேருந்து, குளியல், சாப்பாடு, விளையாட்டு, திரும்பி வருதல் என்று நிகழ்ச்சி நிரல் சரியாகவே வகுக்கப்பட்டிருந்தது. கடலைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. மறுநாள் காலை என் வகுப்பில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே சாம்பல் நிற உடலில் சிவப்பு முகடுகள் கொண்ட நட்சத்திர மீன் ஒன்று, நான்கு விரற்கடை கலங்கிய நீரில் கிடந்தது. "மிஸ், லி பா பெ பூஸே" என்றான். அது அசையவில்லை என்பதைத்தான் கிரியோலில் சொன்னான். கடலிலிருந்து எடுத்தபோது அவன் உள்ளங்கையைப் பற்றிக்கொண்டிருந்த அதன் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்கள் எல்லாம் தளர்ந்து வெளியே தொங்கின. தண்ணீர் மாற்றினால் பிழைக்குமா என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மதியத்துக்குள் வகுப்பறை முழுவதும் நாற்றம் பரவியது; பையன் வீடு போகும் வரை யாரோடும் பேசவில்லை.

நட்சத்திர மீனுக்கு இரத்தம் கிடையாது என்பதையும், கடல்நீரையே உடலின் குழாய்களுக்குள் செலுத்தி அந்த அழுத்தத்தால் கால்களை நீட்டியும் மடக்கியும் அது நடக்கிறது என்பதையும், தோலின் மெல்லிய முளைகள் வழியாகவும் குழாய்க்கால்கள் வழியாகவும் மூச்சு விடுவதால் நீரை விட்டு எடுத்தால் திணறிச் சாகும் என்பதையும், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒளியை உணரும் கண்புள்ளி ஒன்று அதற்கு உண்டு என்பதையும் நான் பின்னர்தான் படித்து அறிந்தேன். இந்த நான்கு செய்திகளைக் கரையிலேயே, முழங்கால் அளவு நீரில் நின்றபடி யாரேனும் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அதை நீருக்குள் வைத்தே பார்த்துவிட்டு விட்டு வந்திருப்பான். அவன் செய்தது கொடுமையல்ல, ஆசை. அந்த ஆசையைக் கல்வியாக மாற்றாமல் விட்டது பெரியவர்களாகிய எங்கள் தவறு.

ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் உள்ள இந்தத் தீவில் கடல் எவருக்கும் தொலைவில்லை. நாட்டின் நிலப்பரப்பு, மற்றத் தீவுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர். நாட்டுக்கு உரிய பொருளாதாரக் கடற்பரப்போ ஏறத்தாழ 23 லட்சம் சதுர கிலோமீட்டர். நிலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான கடல் நமக்கு இருக்கிறது. போதாததற்கு, கடலுக்கடியில் உள்ள மஸ்கரீன் பீடபூமியில் 3,96,000 சதுர கிலோமீட்டர் கடற்படுகையை செய்ஷெல்ஸ் நாட்டோடு சேர்ந்து நிர்வகிக்க 2012இல் உடன்படிக்கையும் ஆகியிருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை வரைபடம் வரையும்போது கரும்பு விளையும் இடங்களையும் ஆறுகளையும் ஊர்களையும் குறித்துவிட்டு, சுற்றிலும் நீல வண்ணம் பூசி முடித்துவிடுகிறது. அந்த நீலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எந்தத் தேர்வும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் சொல்ல வந்த வழி எளியது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் ஒரே ஒரு கரையிடத்தைத் தனக்கென்று தேர்ந்துகொண்டு, அதே இடத்துக்கு, அதே பிள்ளைகளை, ஆண்டுக்கு நான்கு முறை, நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அழைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்த்ததை ஒரே குறிப்பேட்டில் எழுத வேண்டும். அந்தக் குறிப்பேடு பிள்ளைகளோடு வீட்டுக்குப் போய்விடாமல் பள்ளியிலேயே தங்கி, அடுத்த ஆண்டு வகுப்பின் கைக்கு மாற வேண்டும். உல்லாசப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை போய்க் குளித்துவிட்டு வருவதால் கடல் அறிமுகமாகுமே ஒழிய விளங்காது; திரும்பத் திரும்பப் போனால்தான் எது மாறியது, எது மாறவில்லை என்ற கேள்வியே பிறக்கும். ஆராய்ச்சி என்பது அந்தக் கேள்விதானே.

கரையில் என்ன கற்பிப்பது என்று தயங்கும் ஆசிரியர்களுக்கு மணலையே காட்டுவேன். ஒரு கைப்பிடி மணல், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு சிறு குப்பி வினிகர், இவ்வளவு போதும். வெண்ணிறத் துகள்கள் மீது வினிகரை ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். கருநிறத் துகள்கள் நுரைக்காது, ஆனால் அவற்றில் சில காந்தத்தில் ஒட்டும். வெண்மை பவளத்தின் உடைசல், சிப்பி ஓடு, கடல்முள்ளியின் முள், கிளிமீன் பவளத்தைக் கொறித்து அரைத்து வெளியேற்றிய தூள். அதாவது உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு. கருமை எரிமலைப் பாறை. இந்தத் தீவு எரிமலையால் பிறந்ததும் பவளத்தால் காக்கப்படுவதும் ஆகிய இரண்டு வரலாறும் ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் கலந்து கிடக்கின்றன. காற்றில் பெருகும் கரியமில வாயு கடலில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டும்போது பவளம் ஏன் பலவீனப்படுகிறது என்பதற்கும் அந்த வினிகர்ச் சொட்டே தொடக்கப் பாடமாகும்.

மணலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நமது கடற்கரை மணலில் கிடைத்த சிர்கான் என்னும் கனிமத் துகள்கள் இந்தத் தீவைவிடப் பன்மடங்கு பழமையானவை என்று 2013இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவை காற்றிலோ கப்பலிலோ வந்து சேர்ந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்தது. 2017இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆஷ்வாலும் அவரோடு ஆய்ந்தவர்களும், கரைமணலில் அல்லாமல் தீவின் பாறைக்குள்ளேயே 300 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் துகள்களைக் கண்டு வெளியிட்டார்கள். தீவின் மிகப் பழைய எரிமலைக் குழம்புக்கே ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுதான் வயது. ஆகவே நம் காலுக்குக் கீழே, எரிமலைப் பாறைக்கும் அடியில், மிகப் பழைய கண்டம் ஒன்றின் துண்டு புதைந்திருக்கிறது என்று கருதுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கதையை நான் எங்கே போய்த் தேடுவேன்? அதே மணலை 2001ஆம் ஆண்டு வரை கடற்கழியிலிருந்து வாரிக் கட்டடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பதையும், அந்த ஆண்டில் அது தடை செய்யப்பட்ட காரணத்தையும் இதனோடு சேர்த்தே சொல்லலாம்.

2020ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் வாகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையிலுள்ள புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பவளத்திட்டில் ஏறி நின்றதும், ஆகஸ்டு 6ஆம் நாள் எண்ணெய் கசியத் தொடங்கியதும், ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்ததும் உலகறிந்த செய்தி. மாயேபூர் நீர்க்கரையில் கரும்புச் சருகைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்தவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சமமாக உழைத்தார்கள். அப்போது அவர்கள் கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் ஒலிக்கின்றன. எண்ணெய் ஏன் நீரின் மேலேயே நிற்கிறது? காற்று ஏன் அதை எக்ரேத் தீவுப் பக்கமும் மாயேபூர்ப் பக்கமும் தள்ளுகிறது? அலையாத்தி மரங்களின் வேரில் படிந்தால் மரம் சாகுமா? மீன் செத்துவிடுமா, தப்பித்து ஓடிவிடுமா? தென்கிழக்கு வணிகக் காற்று ஆண்டின் பெரும்பகுதி நம் மீது வீசுகிறது, மேற்பரப்பு நீரை அது கரையை நோக்கித் தள்ளுகிறது, அலையாத்தி தன் வேர்களில் உள்ள நுண்துளைகளால் மூச்சு விடுகிறது என்ற எளிய செய்திகளைக்கூட அங்கே நின்ற ஆசிரியர்களில் பலரால் உடனே சொல்ல முடியவில்லை. ஒரு பேரழிவு வந்த பிறகு அவசரமாகக் கடலைக் கற்க நேர்ந்தது. அந்த ஆர்வம் அடங்குவதற்குள் அதைப் பாடமாக்கியிருக்க வேண்டும் என்று அப்போதே எண்ணினேன்.

கடலாய்வு என்றாலே எங்கோ குளிர்நாட்டார் செய்கிற வேலை என்ற எண்ணம் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெற்றோரிடமும் இருக்கிறது. உண்மை அதுவன்று. நம் நாட்டுக்கு வடக்கே கடலுக்குள் பரந்து கிடக்கும் சாயா தெ மால்யா மேட்டை, அங்குள்ள கடற்புல் வெளிகளையும் மீன்களையும் ஆராய 2018இல் 'டாக்டர் ஃபிரிட்யோஃப் நான்சன்' என்ற ஆய்வுக்கப்பல் வந்தது. 2022இல் மொனாக்கோ நாட்டின் ஆய்வுக் குழு 'எஸ்.ஏ. அகுல்லாஸ் 2' கப்பலில் வந்தது. மேற்குக் கரைக்கு அப்பால் ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிக் கணவாய் தேடும் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் வாழ்கின்றன. அவை நீருக்குள் தூண்கள் போல நெட்டுக்குத்தாக நின்று உறங்குவதை முக்குளிப்பவர்கள் படமெடுத்திருக்கிறார்கள். மேற்குக் கரையிலுள்ள ஆல்பியனில் மொரீசியஸ் கடலியல் நிறுவனமும் மீன்வள ஆய்வு மையமும் இயங்குகின்றன. உலகக் கடல்களில் மிதக்கும் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு நகர்ந்து, பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் வரை இறங்கிப் பின் மேலேறி, வெப்பத்தையும் உப்பையும் அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. அந்த அளவைகளை எந்தப் பள்ளிப் பிள்ளையும் இலவசமாகப் பார்க்கலாம். உலகக் கடலடித் தளத்தில் இக்காலக் கருவிகளால் முறையாக அளந்து வரையப்பட்டது ஏறத்தாழ கால் பங்குதான். மீதியை அளக்கப் போகிறவர்கள் இப்போது நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பாடங்களில் கடல் அறிவியல் தனிப்பாடமாகவே இருக்கிறதே என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நல்லதுதான். ஆனால் பதினேழு வயதில் அதைத் தெரிவு செய்கிற மாணவருக்கு மட்டும் உரியதாகக் கடல் ஆகிவிடக் கூடாது. ஆர்வம் ஒன்பது வயதில் சாப்பாட்டுப் பெட்டியோடு வருகிறது.

இனித் தமிழ் வகுப்பின் பங்கு. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். மீன் பெயர்கள் அவர்களுக்குக் கிரியோலில் தெரியும். தமிழில் 'மீன்' என்ற ஒரு சொல்லோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஒருமுறை பிள்ளைகளிடம், வீட்டில் சமைக்கும் மீனின் பெயரைக் கேட்டு வாருங்கள், அதற்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் என்ன பெயர் என்று நான் தேடித் தருகிறேன் என்றேன். கப்பிதேன் விளமீனாயிற்று, காத்தோ கிளிமீனாயிற்று, கொர்தொன்யே ஓராவாயிற்று, ஊரீத் பேய்க்கணவாயாயிற்று. அந்த ஆண்டு என் வகுப்பில் எந்தச் சொற்பட்டியலும் அவ்வளவு விரைவாக மனத்தில் பதியவில்லை. இரண்டு கரைகளில் இரண்டு பெயரோடு ஒரே இனத்து மீன்கள் நீந்துகின்றன என்பதே அவர்களுக்கு இந்து மாக்கடலைப் பற்றிய முதல் பாடமாக அமைந்தது.

மீனவர்களையும் வகுப்புக்கு அழைக்க வேண்டும். நம் நாட்டைச் சேர்ந்த ரொட்ரீக்ஸ் தீவில் நீர் வற்றிய திட்டுகளில் நடந்து ஈட்டியால் பேய்க்கணவாய் பிடிக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே 2012இல் இரண்டு மாதப் பிடிதடை கொண்டுவரப்பட்டது. மொரீசியஸ் தீவிலும் 2016 முதல் அத்தகைய தடை இருக்கிறது. பேய்க்கணவாய் விரைந்து வளர்வது. தாய் ஒரே ஒருமுறை முட்டையிட்டு, உண்ணாமல் அதைக் காத்துக் குஞ்சு பொரிந்ததும் இறந்துவிடும். அந்தச் சிறிய இடைவெளியை விட்டுக்கொடுத்தால் பிடிபடும் உருப்படியின் எடை பல மடங்காகிறது என்பதைப் புத்தகத்தைவிட அந்தப் பெண்கள் தெளிவாகச் சொல்வார்கள்.

பாதுகாப்புப் பற்றிய அச்சம் நியாயமானது. அதை நான் தள்ளவில்லை. பவளத்திட்டின் விளிம்புக்கும், திட்டில் உள்ள வாய்க்கால்களுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகவே கூடாது. மணலில் புதைந்திருக்கும் கல்மீனின் முள் நஞ்சுள்ளது. ஆகையால் வெறுங்காலோடு இறங்கக் கூடாது, கெட்டியான அடியுள்ள காலணி கட்டாயம் வேண்டும். சூறாவளி எச்சரிக்கை உள்ள வாரத்தில் போகக் கூடாது. ஆனால் இவற்றையெல்லாம் அறிந்த பிள்ளை, அறியாமல் விடுமுறையில் தன்னந்தனியாகக் கரைக்குப் போகும் பிள்ளையைவிடப் பாதுகாப்பாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு நேரம் போதாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நான்கு காலைப் பொழுதுகள்; அவ்வளவே.

நான் வீட்டில் செய்து பார்த்ததையும் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளாக என் பேரப்பிள்ளைகள் இருவரோடு மாயேபூரில் ஒரே படித்துறைக்குப் போய் வருகிறேன். ஒரு வெள்ளைத் தட்டில் கயிறு கட்டி, கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சிட்டு, நீரில் இறக்கி, தட்டு எத்தனையாவது முடிச்சில் கண்ணுக்கு மறைகிறது என்று குறிப்போம். 1865இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி செய்து காட்டிய முறைதான் இது. இன்றும் கடலியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். தெளிந்த நாள்களில் தட்டு தரையைத் தொட்ட பிறகும் வெள்ளையாகத் தெரிந்தது. பெருமழை பெய்த மூன்றாம் நாள், லா ஷோ ஆறு சிவந்து வந்து கலந்தபோது, மூன்றாவது முடிச்சிலேயே மறைந்துவிட்டது. "இந்த மண் எங்கிருந்து வந்தது, பாட்டி?" என்று சின்னவள் கேட்டாள். கரும்புத் தோட்டத்திலிருந்தும் கட்டடம் எழும்பும் மேட்டிலிருந்தும் வந்தது என்றேன். அந்தச் சேறு பவளத்தின் மேல் படிந்தால் அதற்குள் வாழும் நுண்பாசிக்கு வெயில் கிடைக்காது, பாசி உணவு தராவிட்டால் பவளம் பட்டினி கிடக்கும் என்று சொன்னபோது, அவள் அந்த நாளின் குறிப்புக்குப் பக்கத்தில் தானாகவே ஒரு பழுப்பு வண்ணக் கோடு போட்டாள். 1998இல் நீர் சூடேறியபோது இந்து மாக்கடலின் பல பகுதிகளில் பவளம் வெளுத்தது. அப்போதே பள்ளிகளில் இத்தகைய குறிப்பேடுகள் தொடங்கியிருந்தால் இன்று நம்மிடம் கால் நூற்றாண்டுக் குறிப்பு இருந்திருக்கும்.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. நம் வீடுகளில் பஞ்சாங்கம் இருக்கிறது. அதுவே கடலுக்கும் ஒரு வழிகாட்டி. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஞாயிறும் திங்களும் புவியோடு ஒரே நேர்கோட்டில் நிற்பதால், அவற்றை அடுத்த ஓரிரு நாளில் ஓதம் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். அட்டமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் குறைந்திருக்கும். நமது தீவில் ஓதத்தின் வேறுபாடு பெரும்பாலும் அரை மீட்டர்தான். ஆனால் திட்டில் ஒட்டியிருக்கும் உயிர்களைக் காண அந்த அரை மீட்டர் போதும். சரியான மணியை மொரீசியஸ் வானிலை நிலையம் வெளியிடும் அறிக்கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. காவடி விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும் அந்த வாரத்தை முதல் வருகைக்கு வைத்துக்கொள்ளும்படி பள்ளித் தலைமையாசிரியர்களையும், மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்தும் கோயில் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள் பக்கத்தில் தேதி, திதி, மணி, நீரின் வெப்பம், தட்டு மறைந்த முடிச்சு, கண்ட உயிர்கள் ஆகியவற்றை எழுதினால் போதும். மாதிரிக்கு எங்கள் குறிப்பேட்டைப் பார்க்க விரும்பும் பள்ளிகளுக்கு, தங்கள் அலுவலகம் வழியாக அதன் படியை அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
மாயேபூர், மொரீசியஸ்